தோள் வலிக்காத ஹீரோக்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பெரிய தர்மசங்கடம். மாடி வீட்டு சுதா ஒரு அனிமேஷன் கம்பெனியில் கதை எழுதுகிறாள். தான் எழுதிய சூப்பர் ஹீரோ சீரிஸை லேப்டாப்பில் போட்டுக் காட்டி, மனசில் பட்டதைச் சொல்லச் சொன்னாள். அடுத்த சீசனுக்குப் புதுக் கதை கொடுக்க வேண்டும். அது பிடிக்காவிட்டால் சீரிஸையே நிறுத்திவிடுவார்களாம்.

ஐந்து ஹீரோக்கள். ஒருத்தன் நெருப்பு, ஒருத்தி காற்று... அரக்கன் வந்தால் ஐவரும் ஒன்றாகக் குதிக்கிறார்கள். ஆளுக்கொரு டயலாக், ஆளுக்கொரு அடி. அரக்கன் அவுட்! அவர்களுக்குள் ஒரு கோபம்? ஒரு பொறாமை? ம்ஹூம். யார் வசனத்தை யார் பேசினாலும் வித்தியாசமே தெரியாது.

"அனிமேஷன் பிரமாதம்மா" என்று நழுவப் பார்த்தேன்.

"அத நான் பண்ணல அங்கிள். கதைதான் என்னுது."

மாட்டிக்கொண்டேன். பட்டதை மெதுவாகச் சொன்னேன். பாவம், முகம் வாடிவிட்டது. டீம் என்றாலே அவளுக்குக் கருட சேவைதான் ஞாபகம் வருமாம். சின்ன வயதிலிருந்து வீதியில் நின்று பார்த்தவள் — சாமி தூக்குகிற அத்தனை பேருக்கும் ஒரே நடை, ஒரே மூச்சு. அதை மனதில் வைத்துத்தான் எழுதினாளாம். காஞ்சிபுரத்துப் பெண்ணுக்கு வேறு எப்படித் தோன்றும்?

அந்த நேரத்தில் அவள் கணவன் வரது வந்தான். பேங்க் வேலை, உற்சவம் வந்தால் லீவு போட்டுவிட்டு சாமி தூக்கப் போய்விடுவான். அன்று காலைப் புறப்பாட்டில் தோள் வீங்கியிருந்தது. சுதா தைலம் தேய்க்க, அவன் புலம்ப ஆரம்பித்தான். முன்னால் தூக்குகிற சம்பத் வேகமாக இழுக்கிறானாம், பாரமெல்லாம் இவன் தோளிலாம். போன வருஷத்திலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாதாம்!

"அப்புறம் ஏன் அவர் பின்னாடியே நிக்கிறீங்க?" என்றாள் சுதா.

"அவன் எப்ப இழுப்பான்னு எனக்குத்தானே தெரியும்? வேற ஆள் நின்னா சாமி சாஞ்சிடும்மா."

சுதாவின் கை நின்றுவிட்டது. பாதி தைலம் தேய்த்த தோளோடு அவனை விட்டுவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

புதுக் கதையில் நெருப்புக்காரனும் காற்றுக்காரியும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் அவள் எந்தப் பக்கம் வீசுவாள் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். படித்துவிட்டு நானே இன்னொரு தடவை படித்தேன். கம்பெனிக்கும் பிடித்துப்போய், சீரிஸ் பிழைத்துவிட்டது!

தூரத்திலிருந்து பார்த்தால் எந்தக் கூட்டமும் ஒற்றுமையாகத்தான் தெரிகிறது. கிட்டப் போனால்தானே கதை?

வரதுவுக்கும் ஏக சந்தோஷம். ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டான்.

"சம்பத்துக்கு மட்டும் காட்டிடாத. அப்புறம் பேச வந்துடுவான்."