மூடியைத் திறந்தது யார்

ஊசி இறங்கியதை நான்தான் முதலில் பார்த்தேன். எஞ்சினின் சூட்டைக் காட்டும் அந்த ஊசி நடுக்கோட்டைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. ஏறியது சற்று நின்றது. பிறகு, யாரோ விரலால் பிடித்து இழுத்ததைப் போல, அடிக்கோட்டுக்கு விழுந்தது. அந்தக் கணத்தில் எனக்கு வந்தது நிம்மதி. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எஞ்சின் ஆறிவிட்டது என்று நினைத்தேன். "குறைஞ்சிட்டுது அத்தான்" என்று காரின் முன்பக்கம் கேட்கும்படி சொன்னேன். சொல்லிக்கொண்டே எஞ்சினை நிறுத்தினேன், பின்பக்கம் போனேன், பழந்துணியைத் தண்ணீர் ஊற்றும் வாயின் மூடிமேல் போட்டேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கியூபெக்கின் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அவர்களுடைய வீட்டின் பேஸ்மென்ற்றில் நான் அப்போது இரண்டு வருடங்களாக இருந்தேன். வயது முப்பத்தாறு. என் கலியாணம் முறிந்து, வேலையை விட்டு, பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருந்த காலம் அது. அக்கா கோட்-டெ-நெய்ஜில் ஒரு மருத்துவமனையில் தாதி. அங்கே நோயாளிகளைப் பார்த்துவிட்டு இரண்டு பஸ் மாறி வந்து, உடுப்பு மாற்றாமலே கீழே இறங்கி, நான் சாப்பிட்டேனா என்று சாப்பாட்டுக் கோப்பையைப் பார்ப்பாள். நான் அவளுக்கு இன்னொரு நோயாளிக் கட்டில் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் எழும்ப முடியவில்லை.

அத்தான் விமான உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் நின்றவர். தலைமுடியின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் துண்டைக் கழித்துவிடுவார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். ஒரு பனிமாரிக்கு அவர் கிட் கார் ஒன்றை வாங்கினார். முழுக் கார் அல்ல. சட்டகமும், கண்ணாடிநார் உடலும், போல்ட்டுகளும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். எஞ்சினை வேறொரு பழைய காரிலிருந்து எடுத்துப் பூட்டி நாமே கோர்க்கவேண்டும். மூன்று மாரிகள் அவர் கராஜில் அதைக் கோர்த்தார். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, நிலத்தோடு படுத்த, கடும்பச்சைக் கார். இரண்டு கை போதாத வேலைகளுக்கு என்னைக் கூப்பிடத் தொடங்கினார். "மச்சாள், இதை ஒருக்காப் பிடியும்" என்பார். பிடிப்பேன். வேறெதுவும் கேட்கமாட்டார். அந்த வீட்டில் என்னைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்று கேட்காத ஒரே மனிதர் அவர். அதற்காகவே நான் மேலே ஏறி வந்தேன்.

அந்தக் காரில் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால். எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரோ மூக்கில். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் போய்வர, அடிவயிற்றோடு இரண்டு நீளக் குழாய்கள். இப்படிப்பட்ட அமைப்பில் கூலன்ட் தண்ணீரை முதன்முதலாக ஊற்றும்போது எங்காவது ஒரு வளைவில் காற்று மாட்டிக்கொள்ளும். காற்று இருக்கும் இடத்தில் தண்ணீர் ஓடாது. ஓடாத இடத்தில் எஞ்சின் தன்னைத்தானே பொசுக்கிக்கொள்ளும். ஆகவே காரின் பின்பக்கத்தை உயர்த்தி, தண்ணீர் ஊற்றும் வாயை எல்லாவற்றிலும் மேலான இடமாக்கி, ஹீட்டரைத் திறந்துவிட்டு, ரேடியேட்டரின் தலையில் உள்ள சிறு திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் தண்ணீர் வரும்வரை பொறுத்திருக்கவேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடியும் ஊற்றவேண்டும். பொறுமைதான் வேலை. அத்தானுக்கு அது பிடிக்கும். குழாயை ஒரு கையால் அமுக்கி அமுக்கி விடுவார். உள்ளே குளக் குளக்கென்று காற்று நகரும் சத்தம் கேட்கும். "வாறார், வாறார்" என்பார், யாரோ விருந்தாளி படியேறி வருவதைப் போல.

மே மாதத்துச் சனிக்கிழமை. அக்கா வேலைக்குப் போயிருந்தாள். காரைக் கராஜ் வாசலுக்கு வெளியே உருட்டி வைத்திருந்தோம். காலையில் இரண்டு தடவை, எஞ்சின் குளிராக இருக்கும்போது, நானே மூடியைத் திறந்து ஊற்றினேன். மூன்றாம் தடவை எஞ்சின் சூட்டோடு ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் மூக்குப்பக்கம் முழந்தாளிட்டு ரேடியேட்டரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஊசியைப் பார்க்கச் சொல்லியிருந்தார்.

"குறைஞ்சிட்டுது அத்தான்."

"குறையேலாது" என்றார். பிறகு குரல் மாறியது. "மூடியைத் தொடாதையும்."

என் கை ஏற்கனவே திருகிவிட்டிருந்தது. அவர் எப்படி அந்த நீளத்தைக் கடந்தார் என்று எனக்குத் தெரியாது. என் தோளில் அவருடைய இடி விழுந்தது. நான் புல்லில் கிடந்தேன். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. இஸ்திரிப் பெட்டியை ஈரத்துணியில் வைத்ததுபோல ஒரு சீறல், அவ்வளவுதான். கராஜ் கூரை உயரத்துக்கு ஆவி வெள்ளையாக எழுந்தது. அதற்குள் அத்தான் நின்றார், வலக்கையை மடித்து முகத்துக்குக் குறுக்கே பிடித்தபடி. கத்தவில்லை. அவர் தானே நடந்து போய்ச் சுவரோரக் குழாயைத் திறந்து கையைக் கீழே நீட்டினார். சட்டையின் கை கரைந்ததுபோல் ஒட்டியிருந்தது. நான் எழும்பவில்லை. எழும்ப வேண்டும் என்று தெரிந்தது, கால் இருக்கிறது என்றும் தெரிந்தது, இரண்டையும் இணைக்க முடியவில்லை. புல்லில் இனிப்பான ஒரு மணம் வந்தது. அது கூலன்ட்டின் மணம். அந்த மணத்தை இன்றும் எங்காவது பெற்றோல் நிலையத்தில் உணர்ந்தால் திரும்பி நடந்துவிடுவேன்.

எதிர்வீட்டுக் கியூபெக்காரர் அம்புலன்ஸுக்குத் தொலைபேசி அடித்தார். வந்தவர்களில் ஒரு பெண், அத்தானின் கைக்குத் துணி சுற்றிக்கொண்டே, மூடியைத் திறந்தது யார் என்று பிரெஞ்சில் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். அத்தான் என்னைப் பார்க்காமலே "முவா" என்றார். நான்தான் என்று அர்த்தம். என் வாழ்க்கையில் என்னைத் திகைக்க வைத்த சொல் அது ஒன்றுதான். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

ஊசி ஏன் விழுந்தது என்பதை அவரே பிறகு, கட்டுப்போட்ட கையோடு, யந்திரத்தைப் பற்றி மட்டும் பேசுவதுபோலச் சொன்னார். சூட்டை அளக்கும் முனை தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்தால்தான் அளக்கும். மாட்டியிருந்த காற்று நகர்ந்து வந்து அந்த முனையைச் சூழ்ந்துகொண்டது. தண்ணீர் படாத முனை பொய் சொன்னது. அந்த நேரம் எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது.

"நான் அக்காவிட்டச் சொல்லப்போறன்" என்றேன்.

"வேண்டாம்."

"நான்தானே திறந்தனான்."

"சொன்னா அவளுக்கு ரெண்டு பேரைப் பாக்கவேண்டி வரும். இப்ப ஒராளைப் பாக்கட்டும்."

அவர் அதைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான். ஆனால் அதன் பிறகு வந்த வாரங்களை நான் எப்படிச் சொல்வது? முருகன் கோயில் கார் நிறுத்துமிடத்தில் யாருடைய காரிலாவது ஆவி பறந்தால், "கை வையாதையுங்கோ, ஆறட்டும்" என்று ஓடிப்போய்ச் சொல்லுகிறவர் அத்தான். அவருடைய கவனத்தில்தான் அவருடைய பெயர் இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "ஊருக்குப் புத்தி சொன்ன மனுசன்" என்றார் ஒருவர். அக்கா எல்லோரையும்விட மோசமாக ஏசினாள். தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றபடி, ஆட்களுக்கு முன்னால், "சின்னப் பிள்ளைக்குத் தெரிஞ்ச விசயம் இவருக்குத் தெரியேல்லை" என்பாள். அத்தான் சிரித்துக்கொண்டு தலையாட்டுவார். நான் அதே அறையில், சோபாவின் ஓரத்தில் இருப்பேன். ஒவ்வொரு தடவையும் சொல்லாமல் விட்டேன்.

இப்படி ஒரு காரணத்தால் ஒருவர் குணமாவது உண்டா என்று தெரியவில்லை, ஆனால் நான் எழும்பினேன். அவருக்கு வலக்கை வழங்காத அந்தக் கோடையில் பெட்டிகளைத் தூக்கினேன், மருந்து வாங்கப் போனேன், கை ஆறத் தொடங்கியதும் அவரைத் தொழிற்சாலைக்குக் காரில் கொண்டுபோய் விட்டேன். மறுவருடம் வில்லரேயில் ஒரு பல் மருத்துவரின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அங்கேயே ஒரு சிறிய வீட்டுக்குப் போனேன். அந்த மே மாதத்திலிருந்து பதினொரு வருடங்கள் போயின. வருடங்கள் கூடக்கூடச் சொல்லவேண்டியதும் கூடியது. ஒரு வாரத்துப் பொய்யை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். பத்து வருடத்துப் பொய்க்கு எங்கே தொடங்குவது?

போன இலையுதிர் காலத்தில் அத்தான் போய்விட்டார். நோய் என்று தெரிந்து மூன்று மாதம் மட்டுமே இருந்தார். கடைசி நாட்களில் நான் அவருடைய கட்டிலருகே தனியாக இருந்த நேரங்கள் உண்டு. அப்போதும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இந்த வசந்தத்தில் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். காரை ஒருதரம் ஓடிப் பார்க்கவேண்டும் என்றாள். மாரியில் ஒரு குழாய் வெடித்துக் கூலன்ட் முழுவதும் கராஜ் தரையில் ஊற்றுண்டிருந்தது. நான் புதுக் குழாய் பூட்டினேன். பின்பக்கத்தை உயர்த்தினேன். திருகைத் தளர்த்தினேன். அக்கா, இப்போது அறுபது வயது, ஓட்டுநர் இருக்கையில் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு ஊசியைப் பார்த்திருந்தாள். காற்று குமிழ் குமிழாக வந்து முடிந்தது. ஊசி ஒழுங்காக ஏறி நடுவில் நின்றது. விசிறி ஓடியது. எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். அவள் இறங்கி வந்து மூடியை நோக்கிக் கையை நீட்டினாள். சூடு ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்க்கத்தான். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பலமாகப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது. பிடித்த கையை விடாமலே சொன்னேன்.

"அக்கா, அண்டைக்கு மூடியைத் திறந்தது நான்."

அவள் முகம் மாறவில்லை. "தெரியும்" என்றாள்.

எனக்குக் கேட்டது விளங்கவில்லை. மறுபடியும் சொன்னாள், நோயாளிக்கு விளக்குகிற குரலில். "கோடை முழுக்க மருந்து கட்டினது ஆர்? நான்தானே. திறக்கிறவருக்கு உள்ளங்கையிலயும் விரலிலயும்தான் படும். இவருக்கு அங்க ஒரு கீறல் இல்லை. எல்லாம் வெளிப்பக்கம். ஆரையோ மறைச்ச கை அது. வீட்டில அண்டைக்கு வேற ஆர் இருந்தது?"

"அப்ப ஏன் எல்லாருக்கும் முன்னால அவரை ஏசினனீ?"

"நீ எழும்பிச் சொல்லுவாய் எண்டு."

நான் கராஜ் படியில் இருந்துவிட்டேன். அந்த அறை, தேத்தண்ணீர்த் தட்டு, சிரித்த ஆட்கள், சோபாவின் ஓரம் எல்லாம் இடம் மாறி விழுந்தன. அவள் அவரை ஏசவில்லை. என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் அதை அறிந்தே சிரித்தாரோ என்னவோ, அதைக் கேட்க இனி ஆளில்லை.

"பேந்து, அதுக்குப் பிறகு ஏன் கேக்கேல்லை?"

"நீ அப்ப இருந்த இருப்பில கேக்கப் பயம். நீ நல்லா வந்தாப் பிறகு கேக்க எனக்கு ரோசம். அவரும் சொல்லேல்லை. முப்பத்தொரு வருசம் அந்த மனுசன்ர தலையிடி, காய்ச்சல் எல்லாம் எனக்குத் தெரியும். அந்த ஒரு மத்தியானம் மட்டும் தெரியாது." அவள் சுவரோரத்தில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையை இழுத்து எனக்கு எதிரே போட்டு இருந்தாள். "நீ மன்னிப்புக் கேக்காதை. எனக்கு அது வேண்டாம். நடந்ததைச் சொல்லு. ஒண்டும் விடாமல் சொல்லு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினொரு வருடம் நான் என் குற்றத்தை ஒளித்துவைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அவளுடைய கணவரின் ஒரு துண்டை ஒளித்து வைத்திருந்தேன். அவரிடமே இனிக் கேட்க முடியாத துண்டு. சொல்லத் தொடங்கினேன்.

"கையைத் தண்ணியில பிடிச்சுக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தவர், அக்கா. 'மச்சாள், உமக்குப் பட்டதோ' எண்டு கேட்டவர்."

அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"பேந்து?" என்றாள்.