மருந்து அள்ளிய அட்டை

என் முதல் சிறுகதைத் தொகுப்பை யாராவது கேட்டால் தீர்ந்துபோய்விட்டது என்று சொல்லிவிடுகிறேன். பீரோவின் அடித்தட்டில் இருபது பிரதிகளாவது கிடக்கின்றன. அந்த அட்டையை இன்னொருவர் கையில் பார்க்க என்னால் முடிவதில்லை.

பள்ளியில் தலைமையாசிரியர் மட்டும் செல்போன் வைத்திருந்த காலம். சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணைப் பக்கம் தினமும் பஸ்ஸில் போய்ப் பாடம் நடத்திவிட்டு வருவேன். சேர்த்துவைத்த கதைகளை நானே ஐந்நூறு பிரதி போட்டுவிடுவது என்று துணிந்தேன். அட்டைக்கு என் மகளின் படம். ஆறு வயது, முன்பல் இரண்டும் விழுந்த சிரிப்பு.

சிவகாசி அச்சகத்தில் ஃபோர்மேன் சொன்னார்: "ஐந்நூறு அட்டைக்குன்னு தனியா மிஷின் ஓட்டுனா கட்டுபடியாகாது டீச்சர். வெடிப் பெட்டி ஷீட்ல ஓரத்துல இடம் சும்மா கெடக்கு. அதுல ஏத்திவிட்ருவோம். கலரு கண்ணாடியா நிக்கும், பாருங்க."

நின்றது. அவர் தந்த கட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்தேன். அந்த ஷீட் எத்தனை ஆயிரம் ஓடும், என் ஐந்நூறு போக மிச்ச அட்டைகள் எங்கே போகும் என்று கேட்கத் தோன்றவில்லை. இந்த ஊரில் பிறந்தவளுக்கு அது தோன்றியிருக்க வேண்டும். இங்கே எந்தக் காகிதமும் குப்பைக்குப் போவதில்லை.

பிறகு ஒயர் கூடையில் புத்தகங்களோடு அலைந்தேன். கல்யாண வீடுகளில் மொய்க்கவரோடு ஒரு பிரதி வைத்தேன். விருதுநகரில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசினேன். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் என் சொந்தக்காரர்கள். பஸ்ஸில் போகும்போதும் ஒரு பிரதியை அட்டை தெரியும்படி மடியில் வைத்துக்கொள்வேன். யாராவது என்ன புத்தகம் என்று கேட்க மாட்டார்களா என்ற நப்பாசைதான்.

ஒரு புதன்கிழமை காலையில் கேட்டார்கள். பட்டாசுக் கம்பெனி வேனைத் தவறவிட்ட பெண்கள் சிலர் பஸ்ஸில் ஏறியிருந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு முப்பது வயது இருக்கும். விரல் இடுக்குகளில் வெள்ளிநிறப் பொடி, கழுவியும் போகாதது. மடியைப் பார்த்தவள் கூவிவிட்டாள்.

"ஆத்தீ, இது நம்ம பாப்பால்ல!"

எனக்குப் புரியவில்லை. "இந்தப் பாப்பாவ எங்க பாத்தீங்க?"

"எங்க ரூம்ல ஒரு கட்டு கெடக்கே. இதுலதான மருந்து அள்ளுறோம். தகரம் கிகரம் உள்ள கொண்டுபோகக் கூடாதுல்ல, உரசுனா பொறி வந்துரும். மத்த அட்டைன்னா சொரசொரன்னு இருக்கும். இந்தப் பாப்பா அட்டை வழுவழுன்னு, மருந்து ஒட்டவே ஒட்டாது."

பின்சீட்டிலிருந்து ஒருத்தி: "அந்தப் பல்லில்லாத புள்ளையா? காலையில அது மூஞ்சியில முழிச்சாத்தான் இவளுக்கு வேலையே ஓடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மகளைத் தீபாவளிக்குக் கம்பி மத்தாப்புகூடப் பிடிக்க விடாதவள். கரும்பலகைக்கு முன் நின்று பேசும் குரலில் சொன்னேன்: "அவ என் மக. இனிமே அதுல மருந்து அள்ளாதீங்க. எல்லாத்தையும் எடுத்து வெளியே போட்ருங்க."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அம்புட்டுத்தான டீச்சர்? நாளைக்கே எடுத்துர்றேன். இதுக்குப் போயி மூஞ்சிய இப்படி வச்சுக்கிடாதீக." கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ஒரு புக்கு குடுப்பீகளா? எம்மக ரெண்டாப்பு. எழுத்துக்கூட்டி வாசிப்பா" என்றாள்.

"ஒனக்கு எதுக்குடி புக்கு, அடுப்பு பத்தவைக்கவா?" என்றது பின்சீட்டு.

கையிலிருந்த பிரதி வேறொருவருக்குக் கையெழுத்துப் போட்டுவைத்தது. நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். வியாழக்கிழமை அவர்கள் வேனில் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமையும் பஸ்ஸில் அவள் இல்லை. அன்று மதியம் நான்காம் வகுப்பில் இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. பிள்ளைகள் யாரும் அழவில்லை. எந்தத் திசை என்று பார்க்க எழுந்தார்கள். பாதிப்பேரின் அம்மாக்கள் கம்பெனிகளில் இருந்தார்கள்.

திங்கட்கிழமை, பின்சீட்டில் கேலி பேசிய அதே பெண் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து நின்றாள். "மருந்து ரூமு டீச்சர். நாலு பேரு. அவளும் போயிட்டா."

பேப்பரில் உராய்வு காரணம் என்று போட்டிருந்தது. எந்த விபத்துக்கும் அப்படித்தான் போடுவார்கள். நான் அந்தச் சொல்லை விடமுடியாமல் பிடித்துக்கொண்டேன். அட்டையை எடுத்துவிட்டு வேறு எதில் அள்ளினார்கள்? இல்லை, என் பேச்சைப் பொருட்படுத்தாமல் அதே அட்டையில்தான் அள்ளினார்களா? அவள் என் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அப்படியானால் வெடித்தபோது அவர்கள் கைகளில் இருந்தது என் மகளின் முகம். அதுவே பரவாயில்லை என்று ஒரு தாய் நினைக்கும் நிலை வந்தது.

பதினாறு நாள் கழிந்தபின், பையில் ஒரு பிரதியோடு விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூட டீச்சர், துக்கம் கேட்க வந்தேன் என்று மட்டும் சொன்னேன். அவள் கணவன் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மூலையில் அவர்கள் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தமிழ், கணக்கு, இங்கிலீஷ் நோட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை. முன்பல் இல்லாத சிரிப்பு, அடியில் சிவப்பில் என் பெயர்.

நான் பார்ப்பதை அவன் பார்த்தான். "அவ கொண்டாந்தது. யாரோ ஒரு டீச்சரு, அதுல மருந்து அள்ளாதன்னு சொன்னாகளாம். தூரப் போட மனசு வரலன்னு வியாழக்கிழமை சாயங்காலம் மொத்தக் கட்டையும் தூக்கிட்டு வந்துட்டா. ஒக்காந்து இவளுக்கு நோட்டெல்லாம் அட்டை போட்டா." பிறகு, "எந்த டீச்சருன்னு தெரியல" என்றான்.

அப்போது சொல்லியிருக்கலாம். தண்ணீர் கேட்டுக் குடித்தேன். சிறுமி நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அட்டையில் இருந்த என் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினாள். திக்காமல் வாசித்தாள். "இந்தப் பாப்பா யாரு, ஒங்களுக்குத் தெரியுமா டீச்சர்?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.

இப்போது கல்லூரிக்குப் போகும் என் மகள் அந்த அட்டைப் படம் தனக்கு ரொம்பப் பிடிக்கும் என்கிறாள். தோழிக்குக் கொடுக்க ஒரு பிரதி கேட்கிறாள். அடித்தட்டில், எல்லாவற்றுக்கும் கீழே, அன்று அந்த வீட்டில் பையிலிருந்து எடுக்காமல் திரும்பக் கொண்டுவந்த பிரதி இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் 'அன்புடன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். மேலே ஒரு வரி காலியாக இருக்கிறது. பஸ்ஸில் அந்தப் பெண்ணிடம் புத்தகத்தைக் கொடுக்கும்போது அவள் பெயரைக் கேட்டு எழுதலாம் என்று விட்டுவைத்தது.