ராத்தா தைத்த திரை

எங்கள் சங்கம் நினைவு மலர் போடுகிறதாம். போன வாரம் இரண்டு பேர் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். "அம்புலன்ஸ் சேவையைத் தொடங்கின ஆக்கள்ல நீங்க ஒராள்தான் மிச்சம். நல்லதா நாலு வரி எழுதித் தாங்க" என்றார்கள். நல்லதாக நாலு வரி! எழுதிக் கொடுத்து அனுப்பினேன். கண்டியில் எந்தத் தெருவில் யார் விழுந்தாலும் ஓடினோம், தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்று பார்க்கவில்லை என்று எழுதினேன். அதில் பொய் கிடையாது. ஆனால் என் ராத்தாவைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அதை எழுதாமல் கண்ணை மூடினால் மண்ணும் என்னை ஏற்காது.

ராத்தா என்றால் எங்கள் வீடுகளில் அக்கா. உம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டவள் அவள்தான். பஜாருக்குப் பின்னால் மலைச் சரிவில் வீடு. தெருவிலிருந்து நாற்பது படி ஏற வேண்டும். மச்சானுக்குப் புசல்லாவையில், பெரிய ரோட்டோரம், தோட்டத்துச் சனங்களுக்குத் துணியும் சாமானும் விற்கும் கடை. வியாழன் பின்னேரம் வருவார், சனி காலை போய்விடுவார். இரண்டும் பெண் பிள்ளைகள். ஆகவே அந்த வீட்டின் ஆம்பிளை நான்தான். பஜாரில் குடைக் கடை வைத்திருந்தேன். மழை பெய்தால் வியாபாரம், வெயில் அடித்தால் சங்கம்.

இருபதுகளின் கடைசி அது. அப்போதெல்லாம் சரிவில் இருக்கிற வீட்டில் யாருக்காவது கடுமை என்றால் கதிரையில் வைத்து, வேட்டியால் கட்டி, நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். கீழே மாட்டு வண்டியோ ரிக்‌ஷாவோ கிடைத்தால் அதிர்ஷ்டம். அதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய்தான் இளைஞர்கள் பத்துப் பேர் சேர்ந்தோம். நான் செயலாளர். ஊரில் பெரிய மனிதரான ஹாஜியார் தம் பழைய லொறியைத் தந்தார். தச்சனைப் பிடித்துக் கூடு கட்டினோம். உள்ளே ஒரு ஸ்ட்ரெச்சர், உட்கார ஒரு வாங்கு, மருந்துப் பெட்டி. தோட்டத்தில் தேயிலை லொறி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவன் டிரைவராக வந்தான். மலைநாட்டுத் தமிழன், தங்கமான ஆள். என்னை 'மொதலாளி' என்பான். குடை விற்கிறவன் எந்தக் காலத்தில் முதலாளியானான் என்று கேட்டால் சிரிப்பான்.

வண்டி வந்தது, ஆனால் எங்கள் பெண்கள் ஏறவில்லை. நாலு பக்கமும் தெரிகிற வண்டியில் படுத்துக்கொண்டு கடைத்தெரு வழியாகப் போவதா? அதற்குத் திரை வேண்டும் என்று நான்தான் சொன்னேன். ராத்தா தன் கல்யாணத் தையல் மெஷினில் கடும்பச்சைத் துணியை இரட்டையாக மடித்துத் தைத்தாள். ஓரமெல்லாம் பொத்தான். காற்றடித்தாலும் விலகக்கூடாது என்பது என் கட்டளை.

"தம்பி, இந்தத் தடிப்புல தைச்சா உள்ளுக்கு ஈக்கிறவளுக்கு மூச்சு வருமாடா?" என்று கேட்டாள்.

"மூச்சைவிட மானம் பெரிசு ராத்தா" என்றேன்.

"ஓ, நீ புள்ள பெத்த மாதிரித்தான் பேசுற" என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அன்று என்னுடைய பதில் எனக்கே மிகவும் பிடித்திருந்தது. இரண்டு மூன்று பேரிடம் போய்ச் சொன்னேன்கூட.

திரையோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வண்டியை ஹாஜியாருக்குக் காட்டிய அன்று அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், திரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "பொம்புளைகளைத் தூக்குறது யாரு?" என்று கேட்டுப் புருவத்தை உயர்த்தினார். அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை, லொறியைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் அந்தப் புருவத்தைக் கண்டதும் லொறி கைவிட்டுப் போய்விடும் என்று பயந்தேன். வீட்டுக்கு ஓடிவந்து, சங்கத்தின் ஐந்து விதிகளுக்குக் கீழே ஆறாவதை எழுதினேன்: 'பெண் நோயாளியை அவரது வீட்டு ஆண் உறவினர் தூக்கி, உடன் வந்தாலன்றி வண்டியில் ஏற்றலாகாது.' என் கையெழுத்து அழகு என்று பெயர். தாளுக்குக் கண்ணாடி போட்டு வண்டிக்குள்ளேயே மாட்டினோம். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவன் மட்டும், மார்க்கம் படித்தவர், பள்ளிவாசல் ஆலிமிடம் ஒரு வார்த்தை கேட்போமா என்றான். "இதுல கேக்க என்ன ஈக்கி?" என்று நான்தான் அவன் வாயை அடைத்தேன்.

அடுத்த வருஷம் வண்டிக்கு ஓய்வில்லை. பிரசவம், காய்ச்சல், படியில் விழுந்த கிழவர்கள், கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஆற்றில் இழுபட்டவர்கள் என்று ஓடியது. எங்கள் பெண்களும் ஏறத் தொடங்கினார்கள். கண்டதை எல்லாம் என் விதியின் வெற்றி என்று நினைத்தேன். மண்டைக் கனம் என்றால் அப்படி ஒரு மண்டைக் கனம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் புசல்லாவைக்குப் போனது சங்க வேலையாகத்தான். அங்கே ரோட்டோரக் கடைக்காரர்களும் வண்டிக்குக் கைகொடுக்க வேண்டும், பெற்றோல் பொறுப்பை அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கப் போனேன். மச்சான் தன் கடையில் எல்லோரையும் கூட்டி வைத்திருந்தார். நான் எழுந்து பேசினேன். "இது வரைக்கும் எங்கட வண்டி ஒரு வீட்டுக்கும் பிந்திப் போனதில்லை" என்றேன். கை தட்டினார்கள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்து முதல் பிடி வாயில் வைத்தபோது தபால்கந்தோர்ச் சேவகன் தந்தியோடு வந்தான். ராத்தாவுக்குக் கடுமை, உடனே வரவும் என்று இருந்தது.

அவள் ஆறு மாசம். மூன்றாவதாவது ஆண் பிள்ளையாக வேண்டும் என்று ஓதிக்கொண்டிருந்தாள். தந்தி வந்து சேரும் வரைக்கும் கண்டியில் என்ன நடந்தது என்பது ராத்தாவின் மூத்த மகளான என் மருமகளும் டிரைவரும் பிறகு சொல்லித்தான் தெரியும். அதை நான் கேட்காமலே இருந்திருக்கலாம்.

மத்தியான லுஹர் பாங்குக்கு முன்பே ரத்தம் போகத் தொடங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று கத்தினாள். மருமகளுக்குப் பத்து வயசு. பெரிய பிள்ளையாகவில்லை என்று இன்னும் வீட்டுக்குள்ளே இருத்தாத பிள்ளை, தெருவில் ஓடலாம். நாற்பது படியும் இறங்கி வண்டிக் கொட்டிலுக்கு ஓடினாள். எங்கள் வண்டி பிந்தவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளை மூச்சு வாங்கி முடிப்பதற்குள் வண்டி தெருவில் நின்றது. தொண்டர்கள் இருவர் ஸ்ட்ரெச்சரோடு படியேறி, வாசலில் நின்றார்கள்.

"ஊட்டுல ஆம்புள யாரு ஈக்கிற?" என்று கேட்டார்கள்.

யாரும் இல்லை. இருந்த இரண்டு ஆம்பிளைகளும் புசல்லாவையில் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தோம்.

டிரைவர் கீழிருந்து ஏறி வந்தான். "ரத்தம் போகுதுங்க. எங்கக்காவா நெனச்சு நானே தூக்கிட்டுப் போறேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும், வுடுங்க."

"ஒனக்கு என்ன தெரியும்?" என்று தொண்டன் ஒருவன் அவனை மறித்தான். "இது செயலாளர்ட ஊடு. அவர் எழுதின சட்டத்த அவர்ட ஊட்டுலயே ஒடச்சா, நாளைக்கு அவர்ட மொகத்துல எப்படி முழிக்கிற?"

பக்கத்து வீட்டுப் பெண், "நாங்க பொம்புளைகள் சேந்து தூக்கித் தாறோம்" என்றாள். ஏற்றினாலும் உடன் போக ஆம்பிளை வேண்டுமே என்றார்கள். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த செம்பை வாசலில் வீசியடித்தாள். அப்போது உள்ளேயிருந்து ராத்தாவே பேசினாள்.

"வாணாம். தம்பி வரட்டும். ஊருக்கெல்லாம் சட்டம் போட்டுட்டு சொந்த ஊட்டுல விட்டுட்டான்னு சனம் சொல்லும். எனக்குத் தாங்க ஏலும்."

அதற்குப் பிறகுதான் தந்தி அடிக்கப் போயிருக்கிறார்கள்.

வாடகைக் கார் பிடித்து, மலை வளைவுகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, கம்பளையில் மாட்டு வண்டிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, நாங்கள் வந்து சேர்ந்தபோது அஸர் பாங்கும் தாண்டிப் பின்னேரமாகிவிட்டது. வண்டி வாசல் திறந்தபடி தெருவில் நின்றது. தொண்டர்கள் படியில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் மரியாதையாக எழுந்தார்கள். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் காறித் துப்பத் தோன்றுகிறது.

மச்சானும் நானும் தூக்கினோம். அவள் கனமே இல்லை. "வந்துட்டியா தம்பி" என்றாள். வண்டி நகர்ந்ததும், "தெரையக் கொஞ்சம் வெலக்குடா, மூச்சு முட்டுது" என்றாள். பொத்தான்களைக் கழற்றப் பார்த்தேன். அவள் தையல் அசையவில்லை. இழுத்துக் கிழித்தேன். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தபோது அவள் கண் திறந்துதான் இருந்தது. பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் கையைப் பிடித்துப் பார்த்தார். "மத்தியானமே கொண்டு வந்திருந்தால் ஏதும் செய்திருக்கலாம். ஏன் இவ்வளவு நேரம் வைச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டார். மச்சான் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு செத்துப் போகும் வரை அவர் என்னோடு அதிகம் பேசியதும் இல்லை.

மறுநாள் காலை ஜனாஸா எடுத்தோம். ராத்தாவை வெள்ளைத் துணி சுற்றிக் கபனிட்டுச் சந்தூக்குப் பெட்டியில் வைத்ததும், அதைத் தூக்கத் தெருவே வந்தது. மய்யித்துக்குத் தோள் கொடுப்பது நன்மை அல்லவா? பெட்டியின் முன்காலைப் பிடித்தவர்கள் அந்த இரண்டு தொண்டர்கள்தான். அதே நாற்பது படி. முன்பின் அறியாத ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி இறக்கினார்கள். ஊட்டுல ஆம்புள யாரு ஈக்கிற என்று ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கத்தத்துக்கு ஆலிம் வந்திருந்தார். யாரோ அவரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டார்கள். ஓதி முடித்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"உசுர் போற நேரத்துல யார் தூக்கினா என்ன வாப்பா? அது மார்க்கம் தடுத்த காரியமே இல்லையே. இந்தச் சட்டத்த யார்ட்ட கேட்டுப் போட்டீங்க?"

பள்ளிவாசல் என் கடையிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு எட்டுப் போய்க் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். டிரைவர் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் காதிலும் அது விழுந்தது.

"சாமி வரங் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு எங்க பக்கம் சொல்வாங்க மொதலாளி" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு இன்னொன்றும் சொன்னான். "மத்த வீடுகள்ல நாங்க அந்தச் சட்டத்தப் பாக்குறதே இல்லீங்க. ஆம்பள இல்லாட்டி கமுக்கமா தூக்கிட்டுப் போயிருவோம். யாரும் வாயத் தொறக்கல. ஒங்க வீடுன்னதும்தான் பயந்துட்டாங்க."

ஊரில் எத்தனையோ பெண்கள் பிழைத்தது என் விதியால் அல்ல, அதை மீறியதால் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் வீட்டில் மட்டும் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார்கள்.

ஹாஜியார் துக்கம் விசாரிக்க வந்து, "அவட நேரம் அப்படி. நேரம் வந்தா வண்டி என்ன, டொக்டர் என்ன" என்றார். அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் செய்தது என்ன? ஒரு புருவத்தை உயர்த்தினார். பேனா என் கையில்தான் இருந்தது. அடுத்த கூட்டத்தில் ஆறாவது விதியை எடுக்க வேண்டும் என்றேன். ஒரு நிமிஷத்தில் எடுத்துவிட்டார்கள். ஒரு ஆள் எதிர்க்கவில்லை. ஹாஜியாரும் தலையாட்டினார். அந்த விதி வேண்டும் என்று ஊரில் ஒருவனுமே இருந்ததில்லை.

நான் சங்கத்தை விடவில்லை. விட்டால் ஊர் என்னைப் பாவம் என்று சொல்லும். அந்தச் சுகம் எனக்கு வேண்டாம் என்று ஓடிக்கொண்டே இருந்தேன். முப்பதுகளின் நடுவில் மலேரியாக் காய்ச்சல் வந்த காலத்தில் பல்லேகல வரைக்கும் போய்ச் சனங்களை அள்ளிக்கொண்டு வந்தோம். அப்போது கிடைத்த பேர்தான் இன்றைக்கு மலர் வரைக்கும் வந்து நிற்கிறது.

அதற்குச் சில வருஷம் கழித்து மூத்த மருமகளுக்குத் தலைப் பிரசவம். அதே வீடு. மாப்பிள்ளை மாத்தளைப் பக்கம் வியாபாரத்துக்குப் போயிருந்த ஒரு காலை நேரம் வலி கண்டுவிட்டது. நான் வண்டியோடு போய் இறங்கினேன். டிரைவர் அப்போது நரைத்துப் போயிருந்தான். மருமகள் ஸ்ட்ரெச்சர் வேண்டாம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். கை கொடுக்கப் போனேன். பார்க்காதது போலக் கடந்து, டிரைவரின் கையைப் பிடித்து வண்டியில் ஏறினாள். பின்னால் நானும் ஏறக் காலை வைத்தேன்.

"நீங்க ஏற வேணாம் மாமா" என்றாள்.

"ஒனக்கு ஆளு வேணுமே மகள். அந்தச் சட்டமெல்லாம் எப்பவோ எடுத்தாச்சு, நான் சும்மா தொணைக்குத்தான்..."

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது.

"நான் அண்டைக்கு ஓடின ஓட்டம் ஒங்களுக்குத் தெரியாது. வண்டி வந்துட்டு உம்மா, வண்டி வந்துட்டு உம்மான்னு கத்திக்கிட்டே படியேறினேன். ஊட்டு ஆம்புள இல்லாமப் போகலாம்னு நீங்களும் ஒருக்காப் பாருங்க. இங்கேயே நில்லுங்க."

டிரைவர் என்னைப் பார்த்தான். பிறகு கதவைச் சாத்தினான்.

மத்தியானத்துக்குள் ஆண் பிள்ளை பிறந்துவிட்டது என்று அவன்தான் வந்து சொன்னான். நான் அப்போதும் படியடியில், அன்று தொண்டர்கள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.