நோர்வேயில் அம்மாவுக்கு ஒரு காணி

நான் இருக்கும் நோர்வே நகரத்தில் வீடுகளுக்கு வேலி கிடையாது. என் வாசல் புல் எந்த இடத்தில் பக்கத்து வீட்டுப் புல்லாகிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த வீட்டுக்காரர் ஒரு நாளும் இந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. நானும் அங்கே போனதில்லை. பனிக்காலத்தில் அவரவர் வாசல் பனியை வழித்துத் தள்ளும்போது "ஹெய்" என்று தலையாட்டுவோம், அவ்வளவுதான். வந்த புதிதில் இதை அம்மாவுக்குச் சொன்னேன். "வேலியில்லாத காணியிலை எப்பிடியடி நித்திரை வருது?" என்று கேட்டார்.

அம்மா ஊரில், நெல்லியடியில் தனியாக இருக்கிறார். தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அப்பா போன பிறகும் ஊரை விட்டு அசையமாட்டேன் என்று நிற்பவர். புலம்பெயர்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை: நாள் தவறாமல் வீடியோவில் போன் எடுப்போம், கதைக்க ஒன்றும் இராது. "சாப்பிட்டியே?" "ஓம்." "குளிரோ?" "ஓம்." பிறகு ஆளை ஆள் பார்த்துக்கொண்டு இருப்போம். இப்படியே எங்கள் பேச்சு வற்றிப்போய்விடுமோ என்று எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. அந்தப் பயத்தில்தான் கடைசியாக ஊருக்குப் போனபோது பெரிய திரையுள்ள ஒரு டப், அதுதான் டப்லெட், வாங்கி, நான் இணையத்தில் விளையாடும் தோட்ட விளையாட்டை அதில் போட்டுக் கொடுத்தேன். ஆளுக்கொரு காணி, கொத்தலாம், விதைக்கலாம், ஆடு கோழி வளர்க்கலாம். என்னோடு வேலை செய்யும் இங்ரிட்டும் அதில் இருந்தாள். எங்கள் இருவரின் காணிகளுக்கும் நடுவில் அம்மாவின் காணி அமைந்தது.

அம்மா உடனே விதைக்கவில்லை. முதல் கிழமை முழுக்க மரம் வெட்டி நாலு பக்கமும் வேலி அடைத்தார். என் பக்கமும்தான்.

"என்னம்மா, எனக்குமோ வேலி?"

"பின்னை? உன்ரை காணி உன்ரை. நாளைக்கு எல்லைப் பிரச்சினை வரப்படாது."

அடைத்து முடிந்ததும், என் பக்கமும் இங்ரிட் பக்கமும் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வேலியைப் பிரித்துவிட்டார். இதை நாங்கள் பொட்டு என்போம். றோட்டால் சுற்றாமல் பக்கத்து வீட்டார் வந்து போகிற வழி. முதலில் காய்த்த கத்தரிக்காயை அந்தப் பொட்டால் கொண்டுபோய் இங்ரிட்டின் வாசலில் வைத்தார். அதற்குப் பிறகு எங்கள் கதை ஓயவேயில்லை. என் பூசணிக்குத் தண்ணீர் காணாது என்பார், என் ஆடு தன் கீரையைத் தின்றுவிட்டது என்பார், அந்தச் சண்டைக்கு நடுவில் அப்பாவைப் பற்றிச் சொல்லுவார். அப்பா சைக்கிளில் தன் பின்னால் சுற்றிய கதையை அம்மா எனக்குச் சொன்னது, நாங்கள் கோழிக்கூட்டுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தபோதுதான்.

பிறகு ஒரு நாள் இங்ரிட் பக்கத்துப் பொட்டு அடைபட்டிருந்தது. புதுப் பலகை, நல்ல இறுக்கம். அம்மா அதைக் கண்டதும் டப்பை மூடிவிட்டார். ஊரில் பொட்டை அடைத்தால் இனிக் கதைபேச்சு இல்லை என்று அர்த்தம். நல்லது கெட்டதுக்கும் வரமாட்டார்கள். "நான் அந்தப் பிள்ளைக்கு என்ன பிழை விட்டனான்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாட்களில் மறுபடியும் "சாப்பிட்டியே?" "ஓம்."

வேலையிடத்தில், மத்தியானச் சாப்பாட்டின்போது இங்ரிட்டிடம் கேட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"கவனித்தாயா? உன் அம்மாவின் வேலி உடைந்து கிடந்தது. வயதானவர் கஷ்டப்பட வேண்டாமென்று நானே திருத்திவிட்டேன்."

நன்றியை எதிர்பார்த்து இருப்பவளிடம், அது உடைந்ததல்ல, உனக்காகத் திறந்தது என்று சொல்லி விளங்கவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"அப்படியென்றால் ஒரு கதவு வைத்திருக்கலாமே?"

"கதவென்றால் தட்ட வேண்டுமே" என்றேன்.

அவள் கையிலிருந்த பாண் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, "பொட்டு" என்ற சொல்லை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

அந்தச் சனிக்கிழமை அம்மாவைக் கெஞ்சித்தான் டப்பைத் திறக்க வைத்தேன். பலகை இல்லை. பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு நட்டிருந்தது. அம்மாவின் வாசலில் ஒரு கூடை முட்டை. "நல்லா வளர்த்த பிள்ளை" என்றார் அம்மா. பிறகு தன் நெல்லியடி வீட்டின் மதிலடிக்குப் போய், பக்கத்து வீட்டுக் கமலா அன்ரியைக் கூப்பிட்டுச் சொல்வது வெட்டாமல் இருந்த போனில் எனக்குக் கேட்டது: "கமலா, நோர்வேயிலை என்ரை பக்கத்துக் காணிக்காறி முட்டை தந்திருக்கிறா."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த நாட்டை ஒரு முறைகூடக் கண்ணால் காணாத மனிசி, நான் இத்தனை வருடம் வாடகை கட்டி இருந்தும் தேடாத அயலை, இருந்த இடத்திலிருந்தே தேடிக்கொண்டுவிட்டார். அவருடைய மகள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தபோது, இங்ரிட்டின் கோழிகள் பொட்டால் புகுந்து அவருடைய கீரைப் பாத்தியில் இறங்கியிருந்தன. "சூ, சூ" என்று அம்மா கையை ஓங்கினார். திரையில் ஒரு கோழியும் அசையவில்லை. போனில் அம்மாவுக்குப் பின்னால் தெரிந்த நெல்லியடி முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் சிறகடித்து ஓடின. இங்கே நான், எந்தக் கோழியைத் துரத்துவதென்று தெரியாமல், கதிரையை விட்டு எழும்பி நின்றேன்.