கைப்பையில் போன சேலை

மலாயா சுதந்திரம் பெற்ற மறுவருடம் நாங்கள் குடும்பத்தோடு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினோம். நான் மட்டும் அதற்கு முன்பே ஏறிவிட்டேன். மலாக்காவில், காஜா பேராங் கிராமத்து வீட்டுக் கூடத்தில் அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்துவைத்த நாளிலிருந்து, அதன் பூச்சி உருண்டை வாசனைதான் எனக்குக் கடல். மதியத்தில் அதற்குள் ஏறிப் படுத்தால் வீடே மெல்ல ஆடும்.

அம்மா மலாக்கா செட்டிப் பெண்; பல தலைமுறைக்கு முன்பே அங்கே குடியேறிய தமிழ் வம்சம். பேசுவது மலாய், உடுத்துவது சாரோங் கைலியும் கெபாயாச் சட்டையும். அப்பாவுக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். அங்கே தன் அண்ணன் தம்பிகளின் முன் அவள் சேலையில்தான் இறங்க வேண்டும் என்று அப்பாவுக்குப் பிடிவாதம். நீலச் சேலை ஒன்று வாங்கி வந்தார்.

“இவ்ளோ நீளம் எதுக்கு?” என்று அம்மா மலாயில் கேட்டாள்.

அப்பா சேலையை மடித்தார். இறங்கும்போது கட்டத் தோதாக அதைக் கைப்பையில் வைத்தார். பாய்களைச் சுருட்டிப் பெட்டியின் மேல் இறுக்கிக் கட்டினார். பெட்டி கட்டுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு அவருக்கு. எனக்கு எரிச்சலாக வரும்.

துறைமுகத்தில் பெட்டியைப் பாய்களோடு சேர்த்துக் கப்பலின் அடித்தளத்தில் இறக்கிவிட்டார்கள். கரை சேரும்வரை எடுக்க முடியாதாம். மேல்தட்டில் எங்களுக்கு வெறும் பலகைதான்.

அம்மா சேலையை உதறி விரித்தாள். நீலம் ஓடிக்கொண்டே இருந்தது. எல்லோரும் வரிசையாக அதில் படுத்தோம். அப்பா கடைசியில், முந்தானையில். கால்கள் மட்டும் பலகையில் கிடந்தன. கூடத்துப் பெட்டி ஆடியதைப் போலவே கப்பலும் ஆடியது.

அம்மா அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள்: “இப்பத்தான் தெரியுது, ஏன் இவ்ளோ நீளம்னு.”