ராஜகுருவின் குழாய் பொய் சொல்லாது

ராஜகுருவுக்குப் பாட்டு பிடிக்காது. முப்பத்தொரு வருஷமாக ஊர் ஊராகப் போய்ப் பாட்டுப் போட்டுப் பிழைக்கிறவர் இதை வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. வீட்டு டி.வி.யில் பாட்டு வந்தால் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு, வாயசைக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்.

ஆனால் எந்தப் பாட்டு எந்த நேரத்தில் போக வேண்டும் என்பதில் பந்தல்குடியிலிருந்து நரிக்குடி வரை அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவருடைய கடைக்கு மகள் பிறந்த வருஷம் வைத்த பெயர் ‘ஜோதிகா சவுண்ட் சர்வீஸ்’. கடையில் ஒரு எவர்சில்வர் சம்படம் உண்டு. அதற்குள் பதினோரு பென்டிரைவ்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நூல். மஞ்சள் கல்யாணத்துக்கு. சிவப்பு கோயிலுக்கு, சாமி பாட்டுக்கு. பச்சை, தாய்மாமன் சீர் கொண்டுவருகிற விசேஷங்களுக்கு. வெள்ளை கேதத்துக்கு, சாவு வீட்டைத் தவிர அந்த நூல் வெளியே வராது. நீலம் பந்திக்கு. பந்திப் பாட்டு நிற்காமல் ஓட வேண்டும். மெலடி போட்டால் ஆட்கள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு கதை பேச ஆரம்பித்துவிடுவார்கள், அடுத்த பந்திக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். சமையல்காரர்கள் ராஜகுருவைக் கூப்பிடச் சொல்லிக் கேட்பது இந்த நீல நூலுக்காகத்தான்.

அந்தப் பக்கத்துப் பூமியில் சத்தத்தை மறிக்க எதுவும் இல்லை. கரிசலும் சீமைக்கருவேலமும் தண்ணீரில்லாத கண்மாய்களும்தான். வேப்பமரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டால் நாலு ஊருக்குக் கேட்கும். நாலு ஊரும் அதைச் செய்தி கேட்கிற மாதிரிக் கேட்கும். மஞ்சள் நூல் பாட்டு வந்தால் ஆண்கள் சவரம் செய்துகொள்வார்கள். வெள்ளை நூல் பாட்டு வந்தால் பெண்கள் கொதிக்கிற உலையை இறக்கி வைத்துவிட்டுத் தலையை அவிழ்ப்பார்கள். என்ன விசேஷம், யார் வீட்டில் என்று யாரும் போன் போட்டுக் கேட்பதில்லை. ‘ராஜகுரு குழாய் பொய் சொல்லாது’ என்பது அங்கே சாதாரணமாகச் சொல்லப்படுகிற வாக்கியம். அவரிடம் இருந்த சொத்தும் அது ஒன்றுதான். ஆம்ப்ளிஃபயர் இரண்டு முறை எரிந்து புதிதாக வாங்கியது. இந்தப் பெயர் ஒரு முறைகூட எரிந்ததில்லை.

மகள் ஜோதிகா அருப்புக்கோட்டையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். சம்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

“இப்ப ஜானர்னு எதுவுமே கெடையாதுப்பா. ஒரே பாட்டுக்குள்ள கானா வருது, ராகம் வருது, நடுவுல ஒருத்தன் இங்கிலீஷ்ல வைறான். அத எந்த நூலுல கொண்டுபோயிக் கட்டுவீக?”

“எந்த நேரத்துல போடுறாகன்னு பாத்துக் கட்டுவேன்.”

“அது பேரு ஜானர் இல்லப்பா.”

“அப்ப ஒரு பாட்டக் கேட்டா அழணுமா சிரிக்கணுமான்னு எப்பிடித் தாயி தெரியும்?”

“அவுகவுகளுக்குத் தோணுறதுதான்.”

“நம்மூர்ல ஆருக்கு அவுகவுகளுக்குத் தோணுது?” என்று ராஜகுரு சிரித்தார்.

ஒருநாள் சார்ஜில் கிடந்த மகளின் போனைத் தற்செயலாகப் பார்த்தார். பாட்டுகளை அவளும் பிரித்துத்தான் வைத்திருந்தாள்: ‘மழை’, ‘பஸ் ஜன்னல் சீட்டு’, ‘அரியர் எழுதப் போகையில’. “நூலு மட்டுந்தான் கட்டல” என்றார். அவள் போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவருக்குச் சோதனை வந்தது நரிக்குடி ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருந்த ஓர் ஊரில். அங்கே முத்துத்தாய் என்ற பெண்மணிக்கு எழுபதாவது பிறந்தநாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் ராம்குமார் ஏற்பாடு செய்திருந்தான். எழுபது வயதுக்காரிக்குப் பிறந்தநாள் கொண்டாடுவதை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. முத்துத்தாய்க்கே அது என்ன தேதி என்று தெரியாது. ஆதார் எடுக்க வந்தவர்கள் குத்துமதிப்பாகப் போட்டுவிட்டுப் போன தேதி அது.

முதல் நாள் சாயங்காலம் பந்தலில் ஸ்பீக்கர் பாக்ஸைக் கட்டிக்கொண்டிருந்த ராஜகுருவிடம் ராம்குமார் வந்தான். “முழுக்க அம்மா பாட்டா போட்ருவோம்ணே. நாப்பது பாட்டு எடுத்து வச்சிருக்கேன்.”

ராஜகுரு அந்த வரிசையைப் படித்துப் பார்த்தார். நாற்பதில் முப்பத்தாறு அவருடைய வெள்ளை நூலில் இருந்தவை.

“தம்பி, இத உள்ள பாக்ஸுல மட்டும் போடுவோம். வெளிக்குழாயில வேண்டாம்.”

“ஏண்ணே?”

“காலங்காத்தால குழாயில அம்மா பாட்டுப் போனா, அம்மா போயிட்டாகன்னு அர்த்தம்.”

“எந்தக் காலத்துலண்ணே இருக்கீங்க? அதெல்லாம் இப்ப யாரு பாக்குறா? ரோட்டு மேல ஃப்ளெக்ஸே வச்சிருக்கேன்ல.”

ராஜகுரு ஃப்ளெக்ஸைப் பார்த்தார். ஆள் உயரத்துக்கு முத்துத்தாயின் முகம், கழுத்து வரைக்கும். சுற்றிலும் ரோஜாப்பூ. கீழே கும்பிட்ட கையோடு மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும். ஃப்ளெக்ஸ் கடைக்காரரும் ஒரு சம்படமும் நூலும் வைத்துக்கொண்டால் நல்லது என்று அவருக்குத் தோன்றியது. கடைசியில் எட்டு மணி வரைக்கும் குழாயில் சாமி பாட்டு, அதற்கப்புறம் நாதஸ்வரம், அம்மா பாட்டெல்லாம் பந்தலுக்குள் பாக்ஸில் மட்டும் என்று பேசி முடித்தார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சாமி பாட்டைப் போட்டுவிட்டு ராஜகுரு மொபெட்டில் மெயின் ரோட்டு டீக்கடைக்குப் போனார். டீயைப் பாதி குடித்திருப்பார். முருகன் பாட்டு ஒரு வரியின் நடுவில் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, பெற்றவளை நினைத்து உருகுகிற ஒரு குரல் கரிசல் காட்டைத் தாண்டித் தெளிவாக வந்தது.

டீக்கடை பெஞ்சில் இருந்த சீனிச்சாமி கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். “முத்துத்தாய் போயிருச்சுப்பா” என்றார். கடைக்காரர் அடுப்பைக் குறைத்தார்.

ராஜகுரு எழுந்தேவிட்டார். “ஏய், இல்லப்பா! அது நல்லாத்தான் இருக்கு. பொறந்தநாளு!”

“ஆருக்கு?”

“முத்துத்தாய்க்குத்தான்.”

சீனிச்சாமி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “எழுவது வயசுல ஆருக்கய்யா பொறந்தநாளு கொண்டாடுறாக? ஒன் குழாயே சொல்லுது. நீ என்ன இல்லங்கிறே?”

“அத நான் போடலய்யா!”

“ஒன் குழாய்தான?”

முப்பத்தொரு வருஷமாகக் கட்டிக் காப்பாற்றிய பெயர் அவருடைய வாயையே அடைத்தது. மொபெட் மூன்று மிதிக்கு அப்புறம்தான் கிளம்பியது. அதற்குள் இன்னும் இரண்டு பேர் துண்டைக் கட்டிவிட்டார்கள்.

பந்தலில் ராம்குமார் தன் போனை ப்ளூடூத்தில் ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்துவிட்டு, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தான். “புல்லரிக்குதுண்ணே” என்றான். ராஜகுரு குழாய்க்குப் போகிற வயரைப் பிடுங்கினார். மூன்று பாட்டு ஏற்கெனவே போயிருந்தது. வயரைப் பிடுங்கலாம், போன சத்தத்தைத் திரும்பக் கூப்பிட முடியாது. சிவப்பு நூலை மறுபடி செருகிவிட்டு, அவர் கண்மாய்க் கரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் பெண்கள்தான் வந்தார்கள். கரை மேல் வரிசையாக, தலையை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு. பட்டுச் சேலையில் நின்ற முத்துத்தாய் சத்தம் கேட்டுப் பதறி வெளியே ஓடினாள். பழக்கத்தில் அவள் கையும் கொண்டைக்குப் போய்விட்டது. அழுகிற முதல் பெண்ணைக் கட்டிக்கொண்டு, “யாருடி போனது, யாருடி?” என்று தானும் அழுதாள்.

“நீதாண்டி!” என்றாள் அந்தப் பெண். சொன்ன பிறகுதான் யாரைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று பார்த்தாள்.

சிரிப்பும் திட்டும் அடங்க அரை மணி நேரமானது. வந்தவர்களை உட்கார வைத்துக் கேசரி கொடுத்தார்கள். கேதம் கேட்க வந்த வீட்டில் இனிப்புத் தின்னலாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டுத் தின்றார்கள். ஊர்ப் பொங்கலுக்கு ரேடியோ செட் யார் என்று முடிவு செய்கிற கமிட்டியில் சீனிச்சாமியும் ஒருவர். அவர் தூணில் சாய்ந்து, கேசரியைத் தொடாமல் ராஜகுருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டரை மணிக்கு இருளப்பசாமி வந்தார்.

அவர் முத்துத்தாயின் கூடப்பிறந்த தம்பி. கண்மாய்க்கு அக்கரையில்தான் வீடு. வரப்பிலிருந்த ஒரு வேப்பமரத்தை அவர் வெட்டப்போய், அக்காளுக்கும் தம்பிக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. அவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்ல இந்த வீட்டில் யாரிடமும் அவர் நம்பர் இல்லை. பாட்டைக் கேட்டதும் அவர் பைக்கை எடுத்துக்கொண்டு திருச்சுழிக்குப் போய், ஜவுளிக்கடைக்காரரை எழுப்பி, ஷட்டரைத் தூக்கவைத்து, கோடிச் சேலை எடுத்திருந்தார். செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போர்த்த வேண்டிய சேலை அது. ஒரு கையில் சேலைப் பை, ஒரு கையில் மாலை. தலையைக் குனிந்தபடி, “அக்கா, என்னைப் பெத்த அக்கா” என்று அழுதுகொண்டே பந்தலுக்குள் வந்து நிமிர்ந்தார்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பேரப்பிள்ளைகள் அவள் தலையில் தங்கக் காகிதக் கிரீடம் வைத்திருந்தார்கள்.

“ஏலே, செத்தாத்தான் வருவியோ?” என்றாள் முத்துத்தாய்.

“செத்துட்டேன்னு குழாயில சொன்னாகளே!”

“அதக் கேட்டு ஓடியாந்தியாக்கும்? உசுரோட இருக்கேன்னு பதினோரு வருசமா எந்தக் குழாயும் சொல்லலயோ?”

இருளப்பசாமி ராஜகுருவின் பக்கம் திரும்பினார். “ஒன்னய நம்பி வந்தேன்யா. மிதிக்க மாட்டேன்னு சொன்ன வாசல்.”

இதற்குள் எல்லார் கண்ணும் அந்தப் பைக்குப் போய்விட்டது. வாசல் ஏறிய கோடியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகக் கூடாது. போனால் அந்த வீட்டுக்கு ஆகாது. உயிரோடு இருக்கிறவள் கையிலும் கொடுக்கக் கூடாது. கீழே வைக்கவும் முடியாமல் அவர் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“ஒரு சேலதானே மாமா” என்றான் ராம்குமார். பந்தலே அவனை முறைத்தது.

“வரவச்சது ராஜகுரு. அவரே ஒரு வழி சொல்லட்டும்” என்றார் சீனிச்சாமி. குரலில் கோபம் இல்லை. தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் விசாரிக்கிற குரல்.

ராஜகுரு சம்படத்தைத் திறந்தார். விரல்கள் நூல்களின் மேல் போய்வந்தன. பிறகு பச்சை நூலை எடுத்துச் செருகி, குழாய்க்கு முழுச் சத்தம் கொடுத்தார். தாய்மாமன் சீர் கொண்டு வருகிற பாட்டு, மேளமும் நாதஸ்வரமுமாகக் கண்மாயைத் தாண்டிப் போனது. அவர் மைக்கையும் எடுத்தார். அவர் மைக்கில் பேசி யாரும் கேட்டதில்லை.

“அக்கா முத்துத்தாய்க்குப் பொறந்த வீட்டுச் சீர் கொண்டுவந்திருக்காக, தம்பி இருளப்பசாமி!”

ஒரு பெண்ணின் கை தானாகப் போய் அவிழ்ந்த தலையை முடிந்துகொண்டது. அடுத்தவளும் முடிந்தாள். யாரோ உள்ளே ஓடித் தாம்பாளம் கொண்டுவந்தார்கள். வெற்றிலையும் பழமும் சேர்ந்தன. சேலை பையை விட்டு வெளியே வந்து தட்டில் ஏறியது. மாலையை என்ன செய்வதென்று யாருக்கும் விளங்காததால் ராஜகுருவே வாங்கி ஆம்ப்ளிஃபயரின் மேல் போட்டார். இருளப்பசாமி விரும்பித் தட்டைப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டு ஓடும்போது தட்டோடு நிற்கிறவன் நீட்டாமல் என்ன செய்வான்? நீட்டினார். முத்துத்தாய் கிரீடத்தைக் கழற்றிவிட்டு எழுந்து வாங்கிக்கொண்டாள்.

“கர கூட இல்லாத சேலயா எடுத்திருக்கே.”

“ஒனக்கு இனிமே கர என்னத்துக்குன்னு நெனச்சேன்.”

“வேப்பமரத்த நெனச்சியா?”

“சாப்பாடு போடுறதுன்னாப் போடு, இல்லாட்டிப் போறேன்” என்றார் தம்பி.

ராஜகுரு அவசரமாக நீல நூலை எடுத்தார். இருளப்பசாமி பந்தியில் உட்கார்ந்து, பாட்டின் வேகத்துக்கு, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு முடித்தார். பேச இடம் கொடுக்காமல் இருந்ததே அன்றைக்கு நல்லதாகப் போயிற்று.

சாயங்காலம் வீட்டில் ஜோதிகா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரிப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. “ராம்குமார் தெரியாமப் பொய் சொன்னாரு. நீங்க தெரிஞ்சே சொல்லியிருக்கீக. அந்தத் தம்பிக்காரரு கொண்டுவந்தது சீரா என்ன?” என்றாள்.

“தட்டுல வச்சதுக்கப்புறம் சீருதான்.”

“நீங்க பாட்டுப் போட்டதுக்கப்புறம்னு சொல்லுங்க.”

ராஜகுரு டி.வி.யைப் போட்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு, பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கு அப்படிப்பட்ட சந்தேகம் எதுவும் இல்லை. குழாய் முதலில் அவசரப்பட்டுவிட்டது, பிறகு அதுவே திருத்திச் சொல்லிவிட்டது என்று சீனிச்சாமி கமிட்டியில் விளக்கம் கொடுத்தார். பொங்கலுக்கு ராஜகுருவின் செட்தான் என்று ஒருமனதாக முடிவாயிற்று.

அடுத்த வாரம் மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு போன். அம்மாவுக்கு அறுபத்தஞ்சு வயது, பிறந்தநாள் வைக்கிறோம் என்றார் பேசியவர். “அந்த அம்மா பாட்டையே போடுங்கண்ணே. பாக்ஸு வேண்டாம், வெளிக்குழாயில. காலைல ஆறு மணிக்கே ஆரம்பிச்சிருங்க.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எங்க மாமா ஒம்பது வருசமா வாரதில்ல.”

ராஜகுரு புதிதாக ஒரு பென்டிரைவ் வாங்கினார். ராம்குமாரின் நாற்பது பாட்டு, அதற்கப்புறம் சீர்ப் பாட்டு, அதற்கப்புறம் பந்திப் பாட்டு என்று வரிசையாக ஏற்றினார். அவர் மனைவி காளீஸ்வரி நூல்கண்டுப் பெட்டியை எடுத்து வந்து, எந்த நிறம் என்று கேட்டாள். ஒவ்வொரு கண்டையும் எடுத்துப் பார்த்தார், வைத்தார். வாசலில் சார்ஜ் போட்டிருந்த போனைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டு ஜோதிகா இதையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் நூல் கட்டாமலேயே அதைச் சம்படத்துக்குள் போட்டு மூடினார்.