சாமி மேடையில் ஒரு ஹெல்மெட்

என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால், தலை உடைக்கிற வேலை என்றுதான் சொல்வேன். கண்டிப் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் பொம்மைத் தலைக்கு ஹெல்மெட் மாட்டி, உயரத்திலிருந்து இரும்புக் கட்டை மேல் போடுகிறோம். அடி மூளைக்கு எவ்வளவு போயிருக்கும் என்று பொம்மைக்குள் இருக்கும் கருவி திரையில் கோடு போட்டுக் காட்டும். முதல் தடவை கோடு அடக்கமாக எழும். அதே ஹெல்மெட்டை அதே இடத்தில் படும்படி மறுபடி போட்டால், கோடு விர்ரென்று எகிறிவிடும். ஓட்டுக்குள் இருக்கும் ரெஜிபோம், அந்த வெள்ளை நுரை அட்டைதான் நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. நசுங்கியது திரும்ப எழும்பாது. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதுதான் அதில் உள்ள பொல்லாத்தனம்.

எங்கள் வீட்டு ஹெல்மெட் அப்படி உள்ளே நசுங்கிய ஒன்று. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் காம்பராவில், அது சாமி படங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பசறையிலிருந்து திரும்பும்போது அப்பா முனியாண்டி கோயில் வளைவில் பைக்கோடு சறுக்கி, மதகுக் கல்லில் தலை மோத விழுந்தார். தோள் எலும்பு முறிந்தது. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கே அம்மா அந்த ஹெல்மெட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து சாமி மேடையில் ஏற்றிவிட்டாள். உயிரைக் காப்பாற்றிய பொருளை எங்கள் ஆட்கள் தூக்கிப் போடமாட்டார்கள். அது நன்றி கெட்ட வேலை.

மேடையிலேயே இருந்திருந்தால் நானும் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பேன். அப்பா அதற்குப் பிறகு பைக்கைத் தொடவில்லை. பைக் தம்பிக்குப் போனது, ஹெல்மெட்டும் கூடவே போனது. அவனுக்குப் பதுளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. தினமும் காலையில் அம்மா கொழுந்து பறிக்க ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் முன் அதற்கு விபூதி பூசி, மேடையிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுப்பாள். பனியில் எதிரே வரும் லொறிகூடத் தெரியாத ரோட்டில், அவன் அந்த விபூதியை நம்பிப் போய்வந்துகொண்டிருந்தான்.

போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது வாயை அடக்க முடியவில்லை.

"இது செத்துப்போன ஹெல்மெட்டும்மா" என்றேன்.

"நல்ல நாளும் அதுவுமா வாயில என்னா வார்த்த வருது பாரு. ஒங்கப்பனுக்கு உசிரு குடுத்த சாமான் இது."

"அன்னைக்குக் காப்பாத்துச்சு. அத்தோட அதுக்கு வேல முடிஞ்சிருச்சு."

"அடி வாங்குனா வேல முடிஞ்சிருமா? அப்ப ஒங்கப்பனையும் தூக்கிப் போட்டுறவா?"

வாசல் ஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த அப்பா சிரித்துவிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. படித்தவர்கள் கூடிய இடத்தில் திரையைக் காட்டி மணிக்கணக்கில் பேசுகிறவளால் சொந்தக் காம்பராவில் ஒரு ரெஜிபோமைப் புரியவைக்க முடியவில்லை. எரிச்சலைவிடப் பயம்தான் பெரிது. ஆய்வுக்கூடத்தில் கோடு எகிறும்போதெல்லாம் அந்தப் பொம்மைக்குத் தம்பியின் முகம் வந்துவிடும். யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பேச்சை விட்டுவிட்டு, பதுளையில் புது ஹெல்மெட் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். அம்மா சண்டை பிடிக்கவில்லை. புதியதையும் மேடையில் வைத்துப் பொட்டு வைத்தாள். தம்பி தலையில் மாட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை என்னைக் கண்டி பஸ்ஸில் ஏற்றிவிடத் தம்பி பைக்கை எடுத்தான். அம்மா பழைய ஹெல்மெட்டோடு வெளியே வந்தாள்.

"தம்பிக்குத்தான் புதுசு வந்துருச்சே. இனிமே இது ஒனக்கு. நீதானே தூரமா போறவ."

என் தலையில் மாட்டினாள். தாடைக்குக் கீழே பட்டியைப் பூட்டி, இறுக்கமாக இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தாள். கொழுந்துக் கறை ஏறிய விரல். பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

முனியாண்டி வளைவில் தம்பி பைக்கை நிறுத்தினான். அங்கே கும்பிடாமல் யாரும் தாண்டுவதில்லை. இரண்டு பேரும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டோம். கும்பிட்டு முடித்ததும் தம்பி என் கையிலிருந்த பழையதை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டான். புதியதை என்னிடம் நீட்டினான்.

"டேய், கழட்டுடா அத."

"நீ புதுச போட்டுக்கக்கா."

"இவ்வளவு சொல்லியும் என்னைய நம்பலல்ல நீ?"

"நம்புறேன். அதனாலதான் ஒனக்கு இத குடுக்குறேன்."

என் கையைத் தட்டிவிட்டு பைக்கைக் கிளப்பினான். பதுளை வரைக்கும் அந்தச் செத்த ஹெல்மெட் என் கண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டே வந்தது. பின்பக்கத்துக் கீறலை மறைக்க ஒரு சாமி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் "மெதுவா போடா, மெதுவா போடா" என்று கெஞ்சினேன். என்னை நம்பிய ஒரே ஆளை அந்த நம்பிக்கையே கொன்றுவிடுமோ என்று பயந்துகொண்டே போனேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பழையதைப் பிடுங்கிக்கொண்டேன். புதியதை அவன் தலையில் நானே மாட்டி, பட்டியைப் பூட்டி, விரல் விட்டுப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டே கடைக்குப் போனான்.

பஸ் ஹாலிஎலயைத் தாண்டும்போது அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"ஹெல்மெட்டு ஒங்கிட்டத்தானே இருக்கு?"

"மடியிலதாம்மா வச்சிருக்கேன்."

"ஒன் வேலையில அதயும் போட்டு ஒடச்சிராத."

உடைக்கவில்லை. அது ஆய்வுக்கூடத்தில் என் மேசை மேல் இருக்கிறது. போட்டால் கோடு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் தம்பி கடை பூட்டி அந்த ரோட்டில் ஏறுகிற நேரத்தில், பக்கத்தில் யாரும் இல்லை என்றால், அதற்குக் கொஞ்சம் விபூதி பூசிவிடுகிறேன்.